தலைக்கனத்தை நிறுத்துப் பார்த்தால்

கேள்வி: கிரேக்கர்கள் ‘ஹியூப்ரிஸ்’ என்றது நம்முடைய தலைக்கனம்தானா? (லுணுகலை வாசகர்)

பதில்: அதற்கு ஒரு படி மேலே. அடுத்தவரைக் கூனிக் குறுக வைத்து, அதைப் பார்த்து ரசிப்பதுதான் ஹியூப்ரிஸ் என்கிறார் அரிஸ்டாட்டில். ஏதென்ஸில் அதற்கு வழக்கே போடலாம். நம் தோட்டங்களில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்தில் போட்டிருந்தால் எத்தனை துரைமார் கூண்டில் நின்றிருப்பார்களோ!

கேள்வி: சூரியனை நெருங்கி விழுந்த இக்காரஸ் மாதிரி நம்மிடம் யாராவது? (பசறை வாசகி)

பதில்: சம்பாதி. ஜடாயுவின் அண்ணன். இருவரும் சூரியனை நோக்கிப் பறந்தார்கள். தம்பிக்குச் சூடு தாங்கவில்லை. அண்ணன் சிறகை விரித்து நிழல் கொடுத்தார், அவருடைய சிறகு கருகிப் போனது. கிரேக்கர்கள் விழுந்த பையனின் பெயரைக் கடலுக்கு வைத்தார்கள். நம் வானரங்கள் விழுந்தவரிடமே போய், சீதை இருக்கிற இடத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டன.

கேள்வி: கிரேக்கக் கதை மாதிரி எதுவும் நம் மலையில் நடந்ததுண்டா? (மடுல்சீமை வாசகர்)

பதில்: உங்கள் ஊரிலேயே நடந்தது. முதலில் கிரேக்கக் கதை: எரிசிக்தோன் என்று ஒரு ராஜா. விருந்து மண்டபத்துக்குக் கூரை போட மரம் வேண்டும் என்று, விளைச்சல் தேவி தீமீட்டரின் தோப்பில் கோடரியை வைத்தான். அடங்காப் பசி பிடித்தது. சொத்தைத் தின்றான், மகளை விற்றுத் தின்றான், கடைசியில் தன்னையே தின்றான்.

நம் துரைமார் காட்டை வெட்டி, நெருப்பு வைத்து, மலை மலையாகக் கோப்பி ஒன்றையே நட்டார்கள். 1869இல் மடுல்சீமைப் பக்கம் கோப்பி இலைகளின் அடியில் மஞ்சள் பொடி தெரிந்தது. இலங்கையில் கோப்பி இலைத்துரு நோய் முதலில் தலைகாட்டியது அங்கேதான். பேராதனைப் பூங்காவின் தலைவர் த்வெயிட்ஸ் எச்சரித்தார். யார் கேட்டது? கோப்பி விலை ஏறிக்கொண்டிருந்தது. விளைச்சல் குறைந்த இடத்தை ஈடுகட்ட இன்னும் காடு வெட்டினார்கள். அதுதான் அந்தப் பசி. நோயைக் கொண்டுவந்த பூஞ்சணத்தின் பெயர் ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ். அதற்கு ‘நாசகார எமிலி’ என்று செல்லப் பெயர் வேறு வைத்தார்கள்! கோப்பிக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி 1884இல் கதவைச் சாத்தியது.

மகளை விற்ற கட்டம் எங்கே என்று கேட்பீர்கள். பல துரைமார் கப்பல் ஏறிவிட்டார்கள். திருச்சி, ராமநாதபுரம் பக்கமிருந்து நடந்து வந்த சனம் சம்பளப் பாக்கிக்காகக் காத்து நின்றது.

கேள்வி: யானைகளைச் சுட்ட மேஜர் ரொஜர்ஸை இடி தாக்கியது தெய்வத் தண்டனையா? (பதுளை வாசகர்)

பதில்: 1,400 யானைகளுக்கு மேல் சுட்டவர் என்பார்கள். 1845 ஜூன் 7, ஹப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். நுவரெலியாவில் அவருடைய கல்லறையிலும் பிறகு இடி விழுந்ததாகப் பேச்சு. இடியையே ஆயுதமாக வைத்திருக்கும் ஸியூஸைக் கும்பிட்ட கிரேக்கர்களுக்கு இதில் சந்தேகமே வந்திருக்காது. எனக்கு வருகிறது. ஹப்புத்தளை மலையில் இடி மழையில் வெளியே நின்றால், எலியைக்கூட அடிக்காதவனுக்கும் அதே கதிதான். அவர் நினைவாகப் பதுளையில் புனித மார்க் தேவாலயம் நிற்கிறது. யானைகளுக்கு ஒரு கல்கூட இல்லை.

கேள்வி: காமன் கூத்தில் மன்மதன் எரிவதும் தலைக்கனத்தால்தானே? (அடாவத்தை வாசகி)

பதில்: அம்மா, அவன் மேல் பழியைப் போடாதீர்கள்! சிவனுடைய தவத்தைக் கலைக்கச் சொல்லி அனுப்பியது தேவர்கள். அம்பு விட்டவன் சாம்பலானான். எரிந்தானா, எரியவில்லையா என்று லாவணிக்காரர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து மல்லுக்கு நிற்பார்கள். அவனை அனுப்பியவர்களை மட்டும் எந்தக் கட்சியும் களத்துக்குக் கூப்பிட்டதாகத் தெரியவில்லை.