சளி பிடித்த ராஜபாட்டை

அப்பா நிமோனியாவில் பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அம்மா மீனாட்சிக்கு வேண்டிக்கொண்டாள். திருச்சியில் இருந்துகொண்டு, கூப்பிடு தூரத்தில் சமயபுரத்தாள் இருக்க, அவ்வளவு தூரம் ஏன் போனாய் என்றேன். "சளிக்கு மதுரைதான்டா" என்றாள், ஏதோ ஸ்பெஷலிஸ்ட் பேரைச் சொல்வதுபோல.

அவள் சொன்னதற்குச் சரித்திரச் சான்றே உண்டு. 1623-ல் திருமலை நாயக்கர் பட்டத்துக்கு வந்தபோது தலைநகரம் எங்கள் ஊர்தான். அண்ணன் முத்துவீரப்பர் மதுரையிலிருந்து பெயர்த்துக்கொண்டு வந்தது. தம்பிக்குக் காவிரிக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை, மண்டைச்சளி. வைத்தியர்கள் கையை விரித்துவிட்டார்கள். மதுரைக்குப் போகிற வழியில் திண்டுக்கல்லில் மூக்கடைத்துப் படுத்திருந்தவர் கனவில் மீனாட்சியும் சொக்கரும் வந்து, "ஜாகையை மதுரைக்கு மாத்து, சரியாயிடும்" என்றார்களாம். விடிந்ததும் பல் விளக்கும்போது காறித் துப்பினார். வியாதி மொத்தமும் வெளியே வந்து விழுந்தது. தலைநகரம் மதுரைக்குப் போயிற்று. ஒரே ஒரு துப்பலில் எங்கள் ஊர் தலைநகர் அந்தஸ்தை இழந்த கதை இதுதான். அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

மதுரைக்குத் துவரங்குறிச்சி வழியாக நேர் ரோடு இருக்கிறது. அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. நாயக்கர் போன மாதிரி திண்டுக்கல் வழியாகத்தான் போகணும் என்றார். பக்தி என்று நினைத்துவிட்டேன்.

மே மாதம். அப்பா தலையில் குரங்குக் குல்லா. ஏசி போட்டால் சளி, கண்ணாடியை இறக்கினால் காற்று. அம்மாவின் மடியில் நெபுலைசர், காலடியில் வெந்நீர் ஃபிளாஸ்க், கையில் தைலம். கூன்பாண்டியனுக்கு வெப்பு நோய் கண்டபோது சமணர்கள் இடப் பக்கத்தையும் சம்பந்தர் வலப் பக்கத்தையும் பிரித்துக்கொண்டு வைத்தியம் பார்த்தார்களாம். வலப் பக்கம் திருநீறு பட்டுக் குளிர்ந்தது, இடப் பக்கம் கொதித்தது. எங்கள் காரில் அந்தச் சலுகையும் கிடையாது. ஐந்து பேரும் இரண்டு பக்கமும் வெந்தோம். மணப்பாறையில் முறுக்கு வாங்க இறங்கிய என் மனைவி திரும்ப ஏற யோசித்தாள்.

வடமதுரை தாண்டியதும் அப்பாவிடமிருந்து ஒரு முணுமுணுப்பு. மந்திரம் என்று பயபக்தியோடு காதைக் கொடுத்தேன். "சீரகசம்பா" என்றார்.

திண்டுக்கல் பிரியாணிக் கடையில் அவர் முன்னால் அம்மா ரசம் சாத டப்பாவைத் திறந்து வைத்தாள். எங்கள் இலைகளில் ஆவி பறந்தது. அப்பா குல்லாவைச் சற்று மேலே தள்ளிவிட்டு, மூக்கை மட்டும் பேரன் இலைப் பக்கம் நீட்டினார். "என்னங்க!" என்றாள் அம்மா. "மோந்துதானே பாக்கறேன். மூச்சுப் பயிற்சி பண்ணச் சொல்லித்தானே டாக்டர் அனுப்பினார்?" அடுத்த நிமிஷம் ஒரு நல்லி எலும்பு காணாமல் போயிருந்தது. பேரன் ரகசியம் காத்தான்.

மதுரையில் மீனாட்சிக்குக் கடனை அடைத்துவிட்டு நாயக்கர் மகாலுக்குப் போனோம். ஒரு தூணைக் கட்டிப்பிடிக்க நானும் பையனும் சேர்ந்தும் கை எட்டவில்லை. சளி விட்ட சந்தோஷத்தில் மனுஷன் இப்படியெல்லாம் கட்டியிருக்கிறார். அவ்வளவு செலவழித்தும், பேரன் சொக்கநாதர் தலைநகரத்தை மறுபடி திருச்சிக்கே கொண்டுபோய், தாத்தா மகாலையும் பிரித்து வண்டி ஏற்றிவிட்டார். இன்று நிற்பது கால் பங்குதான் என்பார்கள். அதுவும் 19ஆம் நூற்றாண்டில் கவர்னர் நேப்பியர் மராமத்துப் பார்த்ததால் பிழைத்தது.

சளியைவிடப் பெரிய மூக்குப் பிரச்சினை நாயக்கருக்குக் கடைசிக் காலத்தில் வந்தது. மைசூர் ராஜா கண்டீரவன் அனுப்பிய படை, வழியில் அகப்பட்டவர்கள் மூக்கையெல்லாம் மேலுதட்டோடு அறுத்துக்கொண்டு வந்தது. நாயக்கர் மறுபடி படுக்கையில். ராமநாதபுரம் சேதுபதி வந்து காப்பாற்றினார். பிறகு மைசூர்க்காரர்கள் மூக்குக்கும் அதே மரியாதை நடந்தது. மூக்கறுப்புப் போர் என்று பேர். கதையைக் கேட்ட பையன் பொறியியல் மாணவன் மாதிரி ஒரு கேள்வி கேட்டான்: "எண்ணிப் பாத்தது யாருப்பா?"

மறுநாள் காலை, லாட்ஜில் அப்பா பல் விளக்கப் போனார். குளியலறை வாசலில் நாங்கள் நாலு பேரும் மந்திரி பிரதானிகள் மாதிரி காத்து நின்றோம். உள்ளே ஒரு நீண்ட காறல். நெஞ்சின் ஆழத்திலிருந்து, ராஜகம்பீரமாக. அம்மா கண்ணை மூடிக் கும்பிட்டாள். 'டக்'கென்று ஏதோ விழுந்த சத்தம்.

கதவு திறந்தது.

"வந்துடுச்சா?" என்றாள் அம்மா.

அப்பா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளங்கையை நீட்டினார். அதில் பல் செட், இரண்டு துண்டாக.

திரும்பும்போது துவரங்குறிச்சி வழியாகவே வந்தோம். திண்டுக்கல் பேச்சை அப்பா எடுக்கவே இல்லை.