இருபத்தைந்து படும் பாடு

ஸ்டெர்லைட் தாமிர ஆலைக்கு 1994-ல் தடையின்மைச் சான்று தந்தபோது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கறாராகத்தான் இருந்தது: மன்னார் வளைகுடாவிலிருந்து ஆலை 25 கிலோமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். ஆலை எழுந்ததோ தூத்துக்குடி சிப்காட்டில். வான் தீவு, காசுவாரி, காரைச்சல்லி, விலாங்குச்சல்லி நாலும் அந்த எல்லைக்குள்ளேயே கிடந்தன. தீவுகளுக்கு நோட்டீஸ் அனுப்பிக் காலி செய்யச் சொல்லாதது வாரியத்தின் பெருந்தன்மை.

ஆலையைச் சுற்றி 250 மீட்டர் அகலத்துக்கு மரம் வளர்க்கவும் சொன்னார்கள். கம்பெனி கேட்டுக்கொண்டதும் அது 25 மீட்டர் ஆனது. இருபத்தைந்தின் மேல் அப்படி ஒரு பிரியம்.

2013-ல் ஆலை வழக்கில் உச்ச நீதிமன்றத்தில் இன்னொரு சங்கதி வெளிப்பட்டது. வளைகுடாவின் 21 தீவுகளையும் தேசியப் பூங்கா ஆக்குவதாக 1986-ல் அரசு சொன்னது உத்தேச அறிவிப்பு மட்டும்தானாம். இறுதி அறிவிப்புக்குச் சான்றில்லை. நிச்சயதார்த்தம் முடிந்து 27 வருஷம், தாலி இன்னும் தட்டானிடம்! அந்த முறை ஆலை ரூ.100 கோடி இழப்பீட்டோடு பிழைத்துக்கொண்டது.

இதற்கிடையே பவளப்பாறையைச் சுண்ணாம்புக்காக வெட்டி வெட்டி விலாங்குச்சல்லி கடலுக்குள் போய்விட்டது. தூரம் அளக்க வாரியத்துக்கு ஒரு தீவு குறைச்சல்.