எஞ்சினில் துரு வளர்ப்போர் கையேடு

துபாய்க்கோ டொராண்டோவுக்கோ இரண்டு வருட வேலைக்காகக் கிளம்புகிறீர்கள். காரை விற்க மனமில்லை. திருவான்மியூர் அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில், அதற்கென்று காசு கொடுத்து வாங்கிய இடத்தில், அது நிற்கப்போகிறது. அருமையான தேர்வு. கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, காற்றில் உப்பு இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினாலே இரும்புக்குத் துரு ஏற ஆரம்பித்துவிடும். சென்னையில் பெரும்பாலான நாட்கள் அதற்கு மேல்தான். இயற்கை தன் பங்கைச் செய்துவிட்டது. மிச்சம் உங்கள் கையில்.

முதலில், ஆயிலை மாற்றாதீர்கள். ஓடிக் கறுத்த ஆயிலில் அமிலமும் ஈரமும் கலந்திருக்கும். நீங்கள் இல்லாத நேரத்தில் பேரிங்குகளை அது கவனித்துக்கொள்ளும். ரேடியேட்டரில் கூலன்ட் எதற்கு? போர் தண்ணீர் இருக்கவே இருக்கிறது. பெட்ரோல் டேங்கைக் கால்வாசியோடு விட்டுவிடுங்கள். மேலே காலியாக இருக்கும் இடத்தில் காற்று குளிர்ந்து வியர்க்க வசதி. இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் வேறு. அதற்கு ஈரம் என்றால் உயிர். போதுமான அளவு குடித்ததும் தண்ணீரையும் அழைத்துக்கொண்டு டேங்கின் அடியில் போய்ப் படுத்துவிடும். பம்ப் உறிஞ்சுவதும் அங்கிருந்துதான்.

இனி முக்கியமான வேலை. இதற்கு அப்பா வேண்டும். ‘வாரத்துக்கு ஒரு தடவை அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வைங்கப்பா, போதும்’ என்று சொல்லிவிட்டு விமானம் ஏறுங்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் டிபனுக்கு முன் இறங்கி வந்து சாவியைத் திருப்புவார். ‘பாத்தியாடா, ஒரே செல்ஃப்ல ஸ்டார்ட்!’ என்று வாட்ஸ்அப்பில் வீடியோ வரும். நீங்கள் கட்டைவிரல் உயர்த்திப் பதில் போடுவீர்கள்.

நடப்பது இதுதான். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் பிறக்கிறது. பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் காற்றின் ஆக்சிஜனோடு சேர்வதால் வருவது அது. எஞ்சின் நன்றாகச் சூடாகியிருந்தால் அத்தனையும் ஆவியாக வெளியேறும். ஐந்து நிமிடத்தில் எங்கே சூடாகிறது? ஒரு பங்கு பிஸ்டன் ரிங் இடுக்கு வழியாக ஆயிலில் இறங்கும், இன்னொரு பங்கு சைலன்சரில் தேங்கும். கொஞ்ச நாள் கழித்து ஆயில் மூடியைத் திறந்தால் உட்புறத்தில் வெண்ணெய் போல வழவழவென்று ஒன்று படிந்திருக்கும். கையேட்டின்படி எல்லாம் சரியாகப் போகிறது என்பதற்கு அதுவே அத்தாட்சி. ஈ.சி.ஆரில் முட்டுக்காடு வரை போய்த் திரும்பினால் ஆயில் நன்றாகச் சூடாகி ஈரமெல்லாம் போய்விடும். ஆகவே அப்பாவிடம் முட்டுக்காடு என்ற பேச்சையே எடுக்காதீர்கள்.

துருவுக்கு விரோதிகள் சிலர் உண்டு. பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு, எஞ்சினைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றி, பேட்டரியைக் கழற்றி, காற்று போகும் வழியையும் சைலன்சர் வாயையும் எண்ணெய்த் துணியால் அடைத்து, ‘துணியை எடுத்த பிறகு ஸ்டார்ட் செய்யவும்’ என்று ஸ்டீயரிங்கில் சீட்டு வேறு ஒட்டுவார்கள். அப்படி அடைத்தால், திறந்தபடி நிற்கும் வால்வு வழியாகக் கடற்காற்று எப்படி உள்ளே போகும்? ரிங்கும் சிலிண்டர் சுவரும் எப்படி ஒட்டிக்கொள்ளும்?

கடைசியாக, பிளாஸ்டிக் தார்ப்பாயால் இறுக்கிப் போர்த்துங்கள். இதில் நமக்கு முன்னோடி அமெரிக்காவின் டல்சா நகரம். 1957 ஜூனில் புத்தம்புது பிளிமத் பெல்வெடேர் காருக்குத் துரு தடுக்கும் பசை பூசி, உறையால் சுற்றி, நீதிமன்றப் புல்வெளிக்கு அடியில் கான்கிரீட் அறை கட்டி, ஐம்பது ஆண்டு கழித்து எடுப்பதற்காகப் புதைத்தார்கள். அணுகுண்டுக்கே அசையாது என்று பெருமை. 2007-ல் பெட்ரோல் இருக்குமோ இருக்காதோ என்று கேனில் பெட்ரோலும், கூடவே பீரும் வைத்தார்கள். ஐம்பது ஆண்டு கழித்துத் திறந்தால் அறைக்குள் தண்ணீர், தண்ணீருக்குள் கார். புதைத்தபோது ஒரு போட்டியும் வைத்திருந்தார்கள். 2007-ல் ஊரின் மக்கள் தொகை என்னவாக இருக்கும் என்று நெருங்கிச் சொன்னவருக்கு அந்தக் கார் பரிசு. வென்றவர் 1979-லேயே காலமாகியிருந்தார். துருவைக் குடும்பத்தார் பெற்றுக்கொண்டார்கள். இதைத் திறந்து பார்க்கும் முன்பே, 1998-ல், டல்சாக்காரர்கள் இன்னொரு பிளிமத்தையும் ஐம்பது ஆண்டுக்குப் பூட்டி வைத்துவிட்டார்கள். இம்முறை தரைக்கு மேலே. அந்த மன உறுதி நமக்கும் வேண்டும்.

ஊர் திரும்பியதும் பெட்டியைக்கூடப் பிரிக்காமல் சாவியைத் திருப்புங்கள். ‘டொக்’ என்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். பிளக் ஓட்டையில் எண்ணெய் விட்டு இரண்டு நாள் ஊறவைப்பதெல்லாம் பொறுமைசாலிகள் வேலை. கயிறு கட்டி இழுக்கச் சொல்லி, இரண்டாம் கியரில் கிளட்சைப் பட்டென்று விடுங்கள். உடைய வேண்டியது உடையும். பிறகு மெக்கானிக் வந்து டிப்ஸ்டிக்கை உருவிப் பார்ப்பார், மோந்தும் பார்ப்பார். ‘எஞ்சின் ஜாம் சார், இறக்கணும். நடுவுல வண்டிய ஸ்டார்ட் பண்ணீங்களா?’ என்பார்.

‘ஒரு வாரம்கூட விட்டதில்லப்பா’ என்பார் அப்பா, நிமிர்ந்து நின்று.