சும்மா இருக்கும் எறும்பு

எங்கள் வீட்டில் என்னைத் திட்டுவதற்கென்றே வளர்க்கப்படும் பிராணி எறும்பு. ஈஸிசேரில் சாய்ந்தால் போதும், "அந்த எறும்பைப் பாருங்க" என்பாள் மனைவி. பார்க்கத்தானே சொல்கிறாள்? அதற்கு எழுந்திருக்கவும் வேண்டாம்.

கொல்லை மாமரத்தில் முசுறு எறும்புகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. இலை விளிம்பில் வரிசையாக நின்று பக்கத்து இலையை இழுத்தன. எட்டாத இடத்தில் ஒன்றின் இடுப்பை இன்னொன்று கவ்விக்கொண்டு சங்கிலியாகத் தொங்கின. இலைகள் நெருங்கியதும், வேறு சில எறும்புகள் புழுப் பருவத்துக் குஞ்சுகளை வாயில் தூக்கி வந்து, இந்த இலையிலும் அந்த இலையிலும் மாற்றி மாற்றி ஒற்றின. குஞ்சு கக்கும் பட்டு நூல்தான் பசை. கால்கூட முளைக்காத வயதில் கட்டட வேலை! தொழிலாளர் நலத்துறை மாமரம் ஏறுவதில்லை போலும்.

முசுறில் பெரியவை வெளிவேலைக்கு, சின்னவை உள்ளே பிள்ளை பார்க்க. வயதானவை எல்லைக் கூடுகளில் காவல். சண்டை என்றால் முன்னால் நிற்பது கிழவிகளே. உழைப்பவை அத்தனையும் பெண். ஆணுக்குக் கல்யாணத்தைத் தவிர வேறு உத்தியோகம் கிடையாது.

இதை அம்மாவிடம் சொன்னேன். தோசையைத் திருப்பியபடியே, "போர்க்களமோ என்னமோ, வயசான காலத்துல அதுகளுக்காவது அடுப்படியிலேர்ந்து விடுதலை கிடைச்சுதே" என்றாள்.

பிறகுதான் அரிசோனா பல்கலைக்கழகத்து ஆராய்ச்சி கண்ணில் பட்டது. டேனியல் சார்போனோ, அன்னா டோர்ன்ஹாஸ் என்ற இருவர், பாறை இடுக்கில் வாழும் சிற்றெறும்புகளுக்கு வண்ணப் பொட்டு வைத்துக் கண்காணித்தார்கள். கூட்டில் சுமார் 40 சதவீதம் பெரும்பாலும் சும்மாவே இருக்கின்றனவாம். 2017இல் வந்த கட்டுரை இன்னும் விசேஷம். கூட்டிலேயே மிகக் குறைவாக வேலை செய்யும் 20 சதவீதத்தை எடுத்துப் பார்த்தார்கள். அந்த இடத்துக்கு எந்த எறும்பும் வரவில்லை.

"பார்த்தியா? சோம்பேறி இடத்தை யாராலயும் நிரப்ப முடியாது!"

"சரி, ஓடியாடி உழைக்கறதை எடுத்தா?"

"ஒரே வாரத்துல, சும்மா இருந்ததெல்லாம் எழுந்து அந்த வேலையைப் பார்க்க ஆரம்பிச்சுடுமாம்."

பரணிலிருந்து பெட்டி இறங்கியது.

"ஒரு வாரம் எங்க அம்மா வீட்டுல இருந்துட்டு வரேன். அத்தையும் என்னோட வராங்க. தோசை மாவு ஃப்ரிட்ஜுல இருக்கு."