உபுண்டு நீக்கமும் கிரப் எச்சமும்: ஓர் ஆய்வு

ஒரே கணினியில் விண்டோஸையும் உபுண்டுவையும் குடியமர்த்தி, இயக்கும்போது எது வேண்டும் என்று தேர்ந்துகொள்ளும் ஏற்பாடு டூயல் பூட் எனப்படும். அவற்றுள் உபுண்டு இனி வேண்டாம் எனத் துணிந்து, விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் அதன் பார்ட்டிஷனை அழித்து, மனநிறைவோடு கணினியை ரீஸ்டார்ட் செய்தவருக்கு நேர்வது யாது என்பதே இக்கட்டுரையின் ஆய்பொருள்.

பழைய பயாஸ் வகைக் கணினிகளில் நேர்வது இது: கறுப்புத் திரையில் 'எரர்: நோ சச் பார்ட்டிஷன்' என்று ஒரு வரியும், அதன்கீழ் 'கிரப் ரெஸ்க்யூ' என்று மற்றொன்றும் தோன்றும். மீட்பைப் பெயரிலேயே தாங்கிய அந்நிலையில் எல்எஸ், செட், அன்செட், இன்ஸ்மாட் என்னும் நான்கே கட்டளைகள் உள. 'ஹெல்ப்' என்று தட்டினால் அப்படியொரு கட்டளை தமக்குத் தெரியாது என்று விடை வரும்.

கிரப் என்பது பூட்லோடர், அதாவது கணினி விழித்தவுடன் இயங்குதளத்தை நினைவகத்தில் ஏற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் சிறு நிரல். 1995-இல் எரிக் போலின் எழுதிய இதற்கு, இயற்பியலார் இன்றும் தேடிவரும் மாபெரும் ஒருங்கிணைந்த கோட்பாட்டை விளையாட்டாக நினைவூட்டும் பெயர் வாய்த்தது. ஆயினும், ஒருங்கிணைக்க வந்த இரண்டில் ஒன்று மறைந்தால் மற்றதைக் காட்டவும் அதற்கு இயல்வதில்லை.

உபுண்டுவே அழிந்தபின் கிரப் எஞ்சியது எங்ஙனம் எனின், அது வசித்த இடம் வேறு என்க. டிஸ்க்கின் முதல் 512 பைட்டுகள் எம்பிஆர் எனப்படும். அதில் 64 பைட் பார்ட்டிஷன் பட்டியலுக்கும் 2 பைட் முத்திரைக்கும் போக, நிரலுக்கு எஞ்சுவது 446 பைட். (யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் கொள்ளுமாதலின், இக்கட்டுரையின் முதல் பத்திகூட அதில் அடங்காது.) ஆகவே கிரப் தன் தலையை மட்டும் அங்கும் அதையடுத்த இடைவெளியிலும் வைத்து, உடலை உபுண்டு பார்ட்டிஷனில் கிடத்துகிறது. பார்ட்டிஷனை அழித்தவர், வீட்டை இடித்துவிட்டு வாசற்காவலருக்குத் தகவல் சொல்லாதவர் ஆகிறார்.

ஃபார்மட் செய்வதே தீர்வு என்பாரும் உளர். கடைகளில் செல்வாக்குள்ள இக்கொள்கை பொருந்தாது. விண்டோஸ் தன் பார்ட்டிஷனில் ஒரு பழுதுமின்றி இருக்க, வழி மட்டுமே அடைபட்டுள்ளது. விண்டோஸ் நிறுவும் பென் டிரைவிலிருந்து கணினியை இயக்கி, ஷிஃப்ட், எஃப்10 இரண்டையும் சேர்த்து அழுத்தினால் கமாண்ட் பிராம்ப்ட் திறக்கும். அங்கே 'பூட்ரெக் /ஃபிக்ஸ்எம்பிஆர்' என்று கட்டளையிட்டால், பார்ட்டிஷன் பட்டியலைத் தொடாமல் நிரல்பகுதி மட்டும் புதிதாக எழுதப்படும்.

யூஇஎஃப்ஐ வகைப் புதிய கணினிகளில் எம்பிஆரைத் திருத்திப் பயனில்லை. அங்கு பூட்லோடர்கள் ஃபேட்32 முறையில் அமைந்த இஎஃப்ஐ பார்ட்டிஷனில், மைக்ரோசாஃப்ட், உபுண்டு எனத் தனித்தனி ஃபோல்டர்களில் உறைகின்றன. எதை முதலில் அழைப்பது என்ற வரிசை மதர்போர்டின் நினைவகத்தில் உள்ளது. பெரும்பாலும், பயாஸ் செட்டிங் என்று இன்றும் வழங்கப்படும் திரையில் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' என்பதை மேலே ஏற்றினாலே போதும். அப்பெயரே பட்டியலில் இல்லையெனில், டிஸ்க்பார்ட் வழியே இஎஃப்ஐ பார்ட்டிஷனுக்கு ஓர் எழுத்தைச் சூட்டி, பிசிடிபூட் கட்டளையால் விண்டோஸின் பூட் கோப்புகளை அங்கே மீண்டும் படியெடுக்க வேண்டும். பென் டிரைவில் இயங்கும்போது சி டிரைவ் வேறெழுத்தில் உலவக்கூடும் என்பதால், 'டிர்' இட்டு உறுதிசெய்துகொள்வது நலம். எஞ்சிய உபுண்டு ஃபோல்டர் சில எம்பி அளவே உடையது. அதையும் துடைத்தெடுப்பது தூய்மைவாதிகளின் கடமை, பிறருக்குக் கட்டாயமன்று.

இனி நீக்க எண்ணுவோர் வரிசையை மாற்றிக்கொள்க: முதலில் விண்டோஸ் பூட் மேனேஜரை மேலேற்றி, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து பார்த்து, பிறகே பார்ட்டிஷனில் கைவைக்கவும். பிட்லாக்கர் பூட்டு போட்டிருப்பவர்கள் அதற்கும் முன்பாக 48 இலக்க மீட்புச் சாவியை, அதே கணினியில் அல்லாமல், ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளவும்.