சீக்கிரம் வாங்க, நிதானமா இருக்கணும்!

ஊருக்கு ஒரு நிதானப் பெரியப்பா இருப்பார். எங்கள் மாகறலில் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். "லீவுன்னா ஓடக் கூடாதுடா. ஒரு இடமாப் போய்க் குந்தணும். குழந்தைங்க விளையாடும், நாம பாத்துக்கினு இருக்கணும், அவ்ளோதான்" என்று டீக்கடை பெஞ்சில் உபதேசம் நடக்கும். உபதேசம் முடியுமுன் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு ஆள் ஓடியிருப்பார். காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகிற பஸ்ஸின் ஹாரன் கேட்டிருக்கும். அந்த பஸ்ஸில் அவருக்கு வேலை இருக்க வேண்டும் என்றில்லை.

இதில் ஊருக்கும் பங்கு உண்டு. செய்யாற்றங்கரையில் இருக்கும் எங்கள் திருமாகறலீஸ்வரர், சோழ ராஜாவின் ஆட்கள் துரத்தத் துரத்தப் பொன்னுடும்பாக ஓடிப் புற்றுக்குள் புகுந்துகொண்டவர் என்பது தலபுராணம். லிங்கமே உடும்பின் வால் வடிவம்தான். சம்பந்தர் வந்து பாடும்வரைக்குமாவது சாமி ஓரிடத்தில் இருந்தாரே என்று சந்தோஷப்பட வேண்டியதுதான். சாமியே ஓடிய ஊரில் பெரியப்பாவை உட்காரச் சொன்னால் எப்படி உட்காருவார்?

இத்தனைக்கும் எங்கள் தெருப் பெரியப்பா பட்டுத்தறிக்காரர். தறிப் பள்ளத்தில் காலை இறக்கிவிட்டால் ஆளே வேறு. கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டையும் நெய்யும்போதே கோத்துக்கொண்டு வர வேண்டும். மூன்று நாடா ஓடும். மூன்றாவது நாடாவைத் தள்ளப் பக்கத்தில் இன்னொரு ஆள் வேண்டும். இழை அறுந்தால் கண்ணுக்குத் தெரியாத அந்த நுனியைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போடுவார். போன வாரம் ஆரம்பித்த சேலை அடுத்த வாரமும் தறியிலேயே இருக்கும். அவர் முகத்தில் ஒரு சுளிப்பு வராது. பள்ளத்தை விட்டு ஏறி வேட்டியை உதறிய கணத்தில் அந்த நிதானமும் உதிர்ந்துவிடும்.

அப்படிப்பட்டவர் குடும்பத்தோடு ராமேஸ்வரம் போக முடிவு செய்தார். ஏன் ராமேஸ்வரம் என்றால், "அது தீவுடா. சுத்தி தண்ணி. ஓடணும்னு நினைச்சாலும் எங்க ஓடுவ?" என்றார். தன்னைத் தானே தெரிந்து வைத்திருக்கிறார் என்று அப்போது ஏமாந்துவிட்டேன்.

தறிக்காரர் லீவு எடுப்பது கல்யாணத்துக்கு முகூர்த்தம் பார்ப்பதைவிடக் கஷ்டம். தறியில் இருக்கும் பாவு முடிய வேண்டும். அடுத்த பாவைப் பிணைக்கும் முன் கிளம்ப வேண்டும். அமாவாசை சேர்ந்து வந்தால் நல்லது, அன்றைக்கு எப்படியும் தறி ஓடாது. இதற்கு மேல் ஒரகடத்தில் கம்பெனி வேலை பார்க்கும் மாப்பிள்ளைக்கு ஷிப்ட் ஒத்துவர வேண்டும். ரயிலுக்கோ 60 நாள் முன்னதாகக் காலை 8 மணிக்கு முன்பதிவு திறக்கிறது. நிதானமாக இருப்பதற்கான டிக்கெட்டை அன்றைக்கு 8 மணி அடித்ததும் மூன்று செல்போனில் அடித்துப் பிடித்து வாங்கினோம்.

அமாவாசையன்று ராமேஸ்வரத்தில் நிதானம் தேடுவது, தீபாவளிக்கு முந்தின நாள் தி.நகரில் தனிமை தேடுவதற்குச் சமம். அக்னி தீர்த்தத்தில் தர்ப்பணம் கொடுக்கத் தமிழ்நாடே திரண்டு நிற்கும். இதை மாப்பிள்ளை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். "கூட்டம் அவங்களுக்கு மாப்ள, நமக்கு இன்னா?" என்று பதில் வந்தது.

கூலிக் கணக்கு எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் பயணத் திட்டம் ஏறியது. கோயில், 22 தீர்த்தம், கந்தமாதன பர்வதம், கலாம் பிறந்த வீடு, பேக்கரும்பில் கலாம் நினைவிடம், தனுஷ்கோடி, அரிச்சல்முனை. கடைசி வரி: 'மாலை 4 – 5: சும்மா இருத்தல்.'

செங்கல்பட்டு ஸ்டேஷனுக்கு, "சீக்கிரம் வாங்க, நிதானமா ஏறலாம்" என்று இரண்டு மணி நேரம் முன்பே கொண்டுபோய் நிறுத்திவிட்டார். பேத்திக்கு மூன்று வயது, பேரனுக்கு ஒன்றரை. இருவரும் பிளாட்பாரத்தில் ஒரு எறும்பு வரிசையைக் கண்டுபிடித்து, அதோடு ஊருக்கே போகத் தயாரானார்கள். மாப்பிள்ளை பொழுதுபோகாமல், "நிதானத்துக்கு வெளிநாட்டுல இயக்கமே இருக்கு மாமா. 1986-ல ரோம்ல அமெரிக்க பர்கர் கடை வருதுன்னு எதிர்ப்புக் கிளம்பிச்சி. கார்லோ பெட்ரினின்னு ஒருத்தர், சாப்பாட்டை நிதானமா சமைச்சு நிதானமா சாப்பிடணும்னு அதையே இயக்கமாக்கிட்டார்" என்றார். பெரியப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, "நல்ல விஷயம். மீட்டிங் எத்தனை மணிக்கு?" என்றார்.

பாம்பன் பாலத்தைப் பற்றி அவருக்குத் தனித் துக்கம் உண்டு. 1914-ல் திறந்த பழைய பாலத்தில் ரயில் ஊர்ந்துதான் போகும். 2022 டிசம்பரில் அதில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரல் 6 அன்று புதுப் பாலம் திறந்தார்கள். இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிக நீளம், கப்பலுக்கு வழிவிட நடுவில் 72.5 மீட்டர் துண்டு அப்படியே செங்குத்தாக மேலே ஏறும். "பழசுல கடலை ஆற அமரப் பாத்துக்கினே போலாம். இப்ப வேகமாப் போயிடறான்" என்று குறைப்பட்டுக்கொண்டே, "எழுப்பு, எழுப்பு! பாலம் முடிஞ்சிடும்!" என்று மகளை உலுக்கினார். பேத்தி கண்ணைத் திறந்தாள். இரு பக்கமும் விரிந்து கிடந்த கடலை ஒரு பார்வை பார்த்தாள். "பிஸ்கட்" என்றாள். பையின் அடியிலிருந்து பிஸ்கட் பாக்கெட் மேலே வருவதற்குள் ராமேஸ்வரம் தீவே வந்துவிட்டது.

கோயிலில் 22 தீர்த்தம். கிணற்றுச் சுவர்மேல் வாளிக்காரர் நிற்பார். கயிற்றோடு வாளி உள்ளே போகும், 'தொபீர்' என்று ஒரு சத்தம், இரண்டே இழுப்பில் மேலே வந்து தலையில் கவிழும். ஜனம் சொட்டச் சொட்ட அடுத்த கிணற்றுக்கு ஓடும். ஒன்றரை வயதுப் பேரன் முதல் வாளியிலேயே போட்ட அலறலில் மகள் அவனைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கிவிட்டாள். பேத்தியின் பிரச்சினை வேறு. அவளுக்கு அந்த 'தொபீர்' பிடித்துவிட்டது. இரண்டாவது கிணற்றை விட்டு நகர மறுத்து, "இன்னொரு தபா" என்றாள். வாளிக்காரரும் சிரித்துக்கொண்டே ஊற்றினார். "இன்னும் இருபது இருக்கு தாயி!" என்று கெஞ்சிய பெரியப்பாவைப் பின்னால் வந்த கூட்டம் அடுத்த கிணற்றுக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டது. இருபத்திரண்டையும் முடித்தவர் அவர் ஒருவர்தான். பேத்தி ஒரே கிணற்றில் அந்தக் கணக்கை நெருங்கினாள்.

ஈரம் மாற்றிக்கொண்டு மூன்றாம் பிராகாரம். 1,212 தூண்கள் என்று பெரியப்பா நோட்டைப் பார்த்து அறிவித்தார். பேத்தி ஒவ்வொரு தூணாகத் தொட்டு எண்ண ஆரம்பித்தாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு. ஒண்ணு, ரெண்டு, மூணு." அவளுக்குத் தெரிந்த எண்கள் அவ்வளவுதான், ஆனால் ஒரு தூணையும் விடவில்லை. பேரன் தூணுக்குத் தூண் உட்கார்ந்து எழுந்தான். பெரியம்மா அவர்களுக்குப் பின்னால் கால் நீட்டி உட்கார்ந்தே நகர்ந்தாள். பெரியப்பா பிராகாரத்தை முழுசாகச் சுற்றிவிட்டு எங்களைப் பின்னாலிருந்து வந்து பிடித்தார்.

தனுஷ்கோடியில் மட்டும் அவர் வாயைத் திறக்கவில்லை. 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் கடல் ஊரையும் பயணிகளோடு வந்த ரயிலையும் கொண்டுபோன கதையை ஆட்டோக்காரர் சொல்ல, இடிந்த சர்ச் சுவரைப் பார்த்தபடி நின்றார். அரிச்சல்முனைக்கு வந்தபோது குழந்தைகள் இருவரும் தோளில் தூங்கிப்போயிருந்தார்கள். இரண்டு கடலும் தெரிகிற மாதிரி தூங்குகிற முகங்களைப் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பினோம்.

கலாம் வீட்டை ஐந்து மணிக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம் என்று, நான்கு மணிக்குச் சும்மா இருத்தல் தொடங்கியது. கடற்கரை மணலில் ஜமுக்காளம் விரித்து எல்லோரையும் வரிசையாக உட்கார வைத்தார். "ரிலாக்ஸா இருங்க!" என்று உத்தரவு போட்டார். ஐந்து நிமிஷம் கழித்து மாப்பிள்ளை கொஞ்சம் நடந்துவிட்டு வருவதாக எழுந்தார். "உக்காருங்க மாப்ள, இன்னும் அம்பத்தஞ்சு நிமிஷம் சும்மா இருக்கணும்."

யோசித்துப் பார்த்தால் அவர்மேல் குற்றமில்லை. தறியில் கூலி சேலைக்கு. நாள் கணக்கு கிடையாது. பதறாமல் நெய்தால் சேலை சுத்தமாக வரும், கூலியில் பிடித்தம் இருக்காது. ராமேஸ்வரத்தில் ரூம் வாடகை நாளுக்கு. நீங்கள் படுத்திருந்தாலும் அது ஓடும். வாடகை ஓடும்போது குடும்பத் தலைவன் எப்படி உட்கார முடியும்? பேத்திக்குக் கூலியும் கிடையாது, வாடகையும் கிடையாது.

அவள்தான் அந்தப் பொந்தைக் கண்டுபிடித்தாள். மணலில் ஒரு ஓட்டை, வாசலில் சின்னச் சின்ன மணல் உருண்டைகள். வெள்ளை நண்டு ஒன்று பக்கவாட்டில் வெளியே வந்தது, மணலைத் தள்ளியது, இவள் மூச்சு விட்டதும் சரேலென்று உள்ளே போனது. பெரியம்மா சொன்ன உடும்புக் கதை அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். "தாத்தா, சாமி உள்ள பூட்சி!" என்று கத்தினாள்.

பெரியப்பா வந்து குந்தினார். அறுந்த இழையைத் தேடுகிற பார்வையோடு பொந்தைப் பார்த்தார். நண்டு வந்தது, போனது. "அசையாத தாயி, காலைத்தான் நீட்டறான்" என்று கிசுகிசுத்தார். ஐந்து மணி ஆனது. நான் வாயெடுக்கப் போனேன், பெரியம்மா முறைத்தாள். ஆறு மணிக்கு வெளிச்சம் மங்கி நண்டு தெரியாமல் போன பிறகுதான் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். எழுந்ததும் கடிகாரத்தைப் பார்த்து, "ஏம்மே, மணி சொல்ல மாட்ட? கலாம் வீடு போச்சே!" என்று பெரியம்மாமேல் பாய்ந்தார்.

இப்போது டீக்கடையில் அவருடைய உபதேசம் இன்னும் உறுதியாகிவிட்டது. "போனா ராமேஸ்வரம் போவணும். ஒரு நண்டைப் பாத்துக்கினு உக்காந்தா போதும், வேற இன்னா வேணும்?" அடுத்த பயணத்துக்குத் திட்டமும் ரெடி. கூலி நோட்டைப் புரட்டிக் காட்டினார். கோயில், கந்தமாதன பர்வதம், போன முறை தவறிய கலாம் வீடு எல்லாம் வரிசையாக இருந்தன. சும்மா இருத்தலை அடித்துவிட்டு அதன்மேல் புதிதாக எழுதியிருந்தார்:

'மாலை 4 – 5: நண்டு. வராவிட்டால் 5.10 வரை பார்க்கலாம்.'