கம்பியில்லாப் பாதையில் மின்ரயில் பார்த்தல்: உக்குவளை நிலையத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

புதிதாக மின்மயமான புறநகர்ப் பாதையில் ரயில் பார்க்கும் கலையை ஆராயப் புகுந்தவன் மாத்தளை மாவட்டத்துக்கு வந்தது ஏன் என்று கேட்கலாம். மாத்தளையில் மின்மயமான பாதை கிடையாது. மாத்தளையில் என்ன, இலங்கை முழுவதிலும் ஒரு மைல் கிடையாது. ஆராய்ச்சிக்கு இது தடையாகாது. பொருள் இருக்கும் இடத்தில் ஆய்வாளனுக்கு என்ன வேலை?

முன்னோர் கூற்றை முதலில் பார்த்துவிடுவோம். மலைநாட்டு ஆறுகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று 1918இல் கட்டுரை வாசித்த பொறியியலாளர் விமலசுரேந்திர, அந்த மின்சாரத்தில் ரயிலும் ஓடலாம் என்றார். ஆற்றிலிருந்து மின்சாரம் வந்தது, ரயிலுக்கு வரவில்லை. அக்கரையில் 1931லேயே சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மீட்டர் கேஜில் மின்ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. ஆனால் சென்னைக்காரர் மின்ரயிலைப் பார்ப்பதற்காக நிற்பதில்லை, ஏறுவதற்காக நிற்கிறார். ஏறுகிறவனை நம் துறை பார்வையாளனாக ஏற்பதில்லை.

இனி எமது கருதுகோள்: மாத்தளைப் பாதை ஏற்கனவே மின்மயமாகிவிட்டது. கம்பி மட்டும்தான் இல்லை.

நகைக்க வேண்டாம். இலங்கை ரயில் இஞ்சின்களில் ‘எம்’ என்ற எழுத்துத் தாங்கியவை டீசல் எலெக்ட்ரிக். டீசல் இஞ்சின் சக்கரத்தைச் சுழற்றுவதில்லை, ஜெனரேட்டரைச் சுழற்றுகிறது. அந்த மின்சாரம் அச்சுகளில் இருக்கும் மோட்டார்களுக்குப் போக, அவைதான் சக்கரத்தைத் திருப்புகின்றன. அதாவது ஒவ்வொரு இஞ்சினும் தன் மின்நிலையத்தைத் தானே சுமந்துகொண்டு மலையேறுகிறது. 1954 முதல் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா தந்த எம்2 இஞ்சின்களுக்கு ஒன்டாரியோ, அல்பெர்ட்டா என்று அந்நாட்டு மாகாணங்களின் பெயர்கள். ஆக, ஊருக்கு வராத கம்பியைப் பற்றிப் புலம்பும் நேரத்தில் ஒரு மாகாணமே தன் மின்சாரத்தோடு வந்து போய்க்கொண்டிருந்தது. ‘டபிள்யூ’ எழுத்து இஞ்சின்கள் ஹைட்ரோலிக் ஆயிற்றே என்பார்க்கு, அவை கருதுகோளுக்கு ஒத்துவராமையின் ஒதுக்கப்பட்டன என்க.

சொல்லாராய்ச்சியும் இங்கே வேண்டும். இலங்கையில் ரயிலுக்குச் சட்டப்படியான பெயர் புகையிரதம். ஊர்ப் பெயர் கோச்சி. மாசி மகத்தில் முத்துமாரியம்மன் கோயிலின் ஐந்து தேர்கள் வலம்வரும் மாத்தளைக்குப் புகையிரதம் ஆறாவது தேர். கம்பி கட்டிவிட்டால் புகை போய்விடும். பெயர்ப்பலகையிலிருந்து பாதிச் சொல்லைச் சுரண்ட வேண்டிவரும். சிங்களத்தில் ‘தும்ரிய’ என்பதிலும் புகைதான் இருக்கிறது என்பதால், சுரண்டும் வேலை இருமொழியிலும் நடக்கும். இச்செலவை யாரும் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை.

இப்பாதை போடப்பட்டதிலேயே ஒரு நேரப் பிழை உண்டு. 1880இல் கண்டியிலிருந்து மாத்தளைக்குக் கோச்சி வந்தது கோப்பி ஏற்ற. அதற்குப் பத்தாண்டு முன்பே கோப்பி இலையில் நோய் விழுந்திருந்தது. கோச்சி வந்து நின்றது, கோப்பி புறப்பட்டுவிட்டது. அன்றைக்குத் தொடங்கியது இப்பாதையில் காத்திருத்தல்.

இங்கிலாந்தில் 1942இல் இயன் அலன் என்ற ரயில்வே எழுத்தர், இஞ்சின் எண்களைக் கேட்டுவரும் கடிதங்களுக்குப் பதில் எழுதிச் சலித்து, எண்களைச் சிறுபுத்தகமாகவே போட்டுவிட்டார். பையன்கள் அதை வைத்துக்கொண்டு மேடைகளில் நின்று எண்ணுக்கு எண் கோடிட்டார்கள். அங்கே வண்டி மிகுதி, கண் போதும். நம் பாதையில் வண்டி சொற்பம் என்பதால் திணை வேறு. நிலம் குறிஞ்சி; ஒழுக்கமோ முல்லைக்குரிய இருத்தல். வண்டி போய்விட்டதென்று தெரிந்தால் நெய்தலுக்குரிய இரங்கல். இதைத் திணைமயக்கம் எனல் தகும்.

களஆய்வு மாத்தளைப் பாதையிலுள்ள உக்குவளை நிலையத்தில், ஒரு வெள்ளிக்கிழமை நடந்தது. தண்டவாளங்களுக்கு நடுவே பழுப்பு நிற நாய் ஒன்று கால் நீட்டிப் படுத்திருந்தது. தேத்தண்ணிக் கடையில் விசாரித்தேன்.

“அண்ணே, கோச்சி போயிருச்சா?”

“இன்னும் வரல தம்பி. வந்தா ஒங்களுக்கு முன்னாடி நாய்க்குத் தெரியும்.”

தெரிந்தது. இரண்டாவது தேத்தண்ணி பாதியில் இருக்கையில் நாய் எழுந்து, உடலை வில்லாக வளைத்து நிமிர்த்தி, மேடை நிழலுக்கு நடந்தது. அவசரம் இல்லை. நான் நூறு வரை எண்ணிய பிறகுதான் வளைவுக்கு அப்பாலிருந்து அந்தத் தடதடப்பு வந்தது, பிறகு டீசல் நெடி, கடைசியாகத்தான் இஞ்சின். ஆக, பார்த்தல் என்பது பார்த்தலின் இறுதிப் பகுதி மட்டுமே. கம்பி வந்தால் தடதடப்பும் நெடியும் போய்விடும். தண்டவாளம் அதிர்வது நிற்காது. எனவே நாய்க்கு வேலை போகாது; எனக்குத்தான்.

எண்ணைக் குறித்துக்கொண்டேன். ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்து நாய் மறுபடி எழுந்தது. இம்முறை வண்டி எதிர்த்திசையிலிருந்து வந்தது. எண்ணைப் பார்த்துத் திகைத்தேன்: அதே எண். ஒரே எண்ணில் இரு இஞ்சின்கள்! துறையையே புரட்டிப்போடும் கண்டுபிடிப்பு. நோட்டைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடினேன்.

அண்ணன் கிளாசைக் கழுவியபடியே எட்டிப் பார்த்தார்.

“மாத்தளையோட தண்டவாளம் முடிஞ்சிருதுல்ல தம்பி. வேற எங்க போவும்? திரும்பித்தானே வரணும்.”

நாய் பழைய இடத்திலேயே போய்ப் படுத்துக்கொண்டது.